வண்டி கிளம்பிடுச்சு

முதலில் காவேரி அதை எதிரொலி என்றுதான் நினைத்தாள்.

கறுப்பு ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, ரகுபதி சார் பழக்கியிருந்தபடி குரலைத் தணித்து, "எங்கே இருக்கீங்க?" என்று கேட்டாள். மறுமுனையில், காம்பவுண்டுக் கோடியில் இருந்த பழைய வாட்ச்மேன் அறையில் உட்கார்ந்துகொண்டு, எழிலரசன் பயிற்சிக்காக, பாய்லர் வெடித்துவிட்டதாகப் பொய்க் கத்தல் கத்திக்கொண்டிருந்தான். அந்தக் கத்தலுக்கு அடியில், மழை ஈரம் ஏறிய கம்பியின் கரகரப்புக்கும் அடியில், வாத்தியார் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் பிள்ளையைப் போல யாரோ மெதுவாக, "எங்கே இருக்கீங்க" என்று சொல்லிப் பார்த்தார்கள்.

"என்ன ஆச்சு?" என்றாள் காவேரி.

"என்ன ஆச்சு" என்றது அது.

சாயங்காலம் டீ கிளாசோடு வந்த எழிலரசனை மடக்கிக்கொண்டாள். "நான் கேக்கறதுக்கெல்லாம் பழிப்பு காட்டறியா?"

"நானா? கத்தறதுக்கே மூச்சு பத்தல. இதுல பழிப்பு வேற காட்டறனாக்கா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் நம்பவில்லை. நம்பாததற்கு நல்ல காரணமும் இருந்தது. அந்த அறையில் போன் எடுக்கப் பழகுகிறவர்கள் இரண்டு பேர், நிரந்தர வேலை ஒன்றுதான்.

அது 1991 ஐப்பசி. ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வல்லம் வடகாலுக்குப் போகிற வழியில் நெல் வயல்களுக்கு நடுவே முளைத்திருந்த நாலைந்து கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து அந்த போன் ரூமைத் திறந்திருந்தன. நெருப்புப் பிடித்தாலும் கேஸ் கசிந்தாலும் மிஷினில் கை மாட்டினாலும் ஒரே இடத்துக்கு போன் வரும். ஷெட்டில் நிற்கிற வேனை டிரைவர் சாம்சன் எடுத்துக்கொண்டு ஓடுவார். சுற்று வட்டாரத்து ஜனங்களுக்கும் ஆபத்து வரலாம் என்று யாரோ புண்ணியவான் யோசித்து, வடகால் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒரு சிவப்பு போனையும் அடித்துவிட்டுப் போயிருந்தான். போன் வந்துவிட்டது, கம்பிதான் வரவில்லை. பின்னால் ஒரு முழ ஒயர் தொங்கிக்கொண்டிருந்த அந்தப் போனை ஊர்ப் பிள்ளைகள் எடுத்து, ஹலோ ஹலோ என்று விளையாடினார்கள். காவேரியின் மகள் நிலாவுக்கும் அதுதான் பொழுதுபோக்கு.

நிலாவுக்காகத்தான் இந்த வேலை. புருஷன் பம்பாய்க்குப் போனவன் போனவன்தான். பத்தாவது படித்திருந்தும் காவேரி சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மணல் குவியல் நிழலில் துண்டு விரித்துப் பிள்ளையைப் போட்டுவிட்டுக் கல் சுமந்தபோது, ஒருநாள் சுண்ணாம்புத் தொட்டி விளிம்பில் அது ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தாள். அன்று நின்ற மூச்சு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. இந்த வேலை நிரந்தரமானால் பிள்ளை தொடர்ந்து பள்ளிக்கூடம் போகும், ஒரு கூரைக்கு அடியில் இருக்கும். கிடைக்காவிட்டால் மறுபடி அதே தொட்டிகள்தான்.

ரகுபதி சார் தீயணைப்பு நிலையத்தில் ஆயுசு முழுக்க போன் எடுத்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்லிக் கொடுத்ததெல்லாம் நாலு கேள்வி. எங்கே இருக்கீங்க, என்ன ஆச்சு, எத்தனை பேர், உங்க பேர் என்ன. வரிசை மாறக் கூடாது, குரல் ஏறக் கூடாது. கடைசியில், "பயப்படாதீங்க, வண்டி கிளம்பிடுச்சு. நீங்க வைக்கிற வரைக்கும் நான் வைக்க மாட்டேன்" என்று சொல்ல வேண்டும்.

"பயந்தவன் கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லுவான்மா," என்பார். "திருடன் கேட்டாலும் சொல்லுவான். கேக்கற குரல் மட்டும் ஆடாம இருக்கணும். அவ்ளோதான் தொழிலு."

காவேரியின் குரல் ஆடாது. அதில் அவருக்கே ஆச்சரியம். எழிலரசனுக்கோ மூன்றாவது கேள்விக்குள் நாக்கு உலர்ந்துவிடும். அதனால்தான் இந்தப் பையன் கம்பியில் விஷமம் செய்கிறான் என்று அவள் முடிவு கட்டினாள்.

மழை விடவில்லை. ஒரு குட்டையைத் தூர்த்துத்தான் அந்தக் கட்டடத்தை எழுப்பியிருந்தார்கள். தரையில் எத்தனை முறை துடைத்தாலும் ஈரம் கசிந்தது, பலகையிலும் பைலிலும் பாசி வாடை ஏறியது, மத்தியானத்திலேயே டியூப் லைட் போட வேண்டியிருந்தது. அந்த மங்கலில் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு உட்காரும்போதெல்லாம், எழிலரசனின் கத்தலுக்கு அடியில் அந்தக் குரல் பாடம் படித்துக்கொண்டே இருந்தது. முதலில் தட்டுத் தடுமாறியது. அப்புறம் அவளைப் போலவே "எங்கே"யில் கொஞ்சம் நீட்டி, "இருக்கீங்க"வில் இறங்கியது. ஒரு நாள் அவள் கேட்கிற அதே நேரத்தில், அவளோடு சேர்ந்தே கேட்டது.

மறுநாள் முந்திக்கொண்டது. இரண்டாவது கேள்விக்கு எழிலரசன் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. கம்பிக்குள் அது மென்மையாக, ஆடாமல் கேட்டது.

"எத்தனை பேர்?"

எதிரொலி முந்தி வருமா? காவேரிக்கு முதுகில் ஈரத் துணி போட்டது போலிருந்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் அவளுக்குச் சௌகரியமாக இருந்தது. நேராக மேனேஜரிடம் போய், லைனில் யாரோ விளையாடுகிறார்கள், தன் பிழைப்பைக் கெடுக்கப் பார்க்கிறார்கள் என்று புகார் சொல்லிவிட்டாள். மேனேஜர் ரகுபதி சாரைக் கூப்பிட்டுக் காய்ச்சினார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் ரகுபதி சார், முகம் தொங்கிப்போய். "ஈரக் கம்பி. எக்கோ அடிக்கும். மாத்தச் சொல்லிட்டேன், போதுமா?"

அவரும் சேர்ந்துகொண்டிருப்பாரோ என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியது. எழிலரசன் அவருக்குத் தினமும் வெற்றிலை வாங்கிக் கொடுக்கிறவன்.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அவர் பாடத்தைத் திருப்பிப் போட்டார். "இவ்ளோ நாளு நீ கேட்ட. இன்னிக்கு நீ சொல்லு. போன் பண்றவன் வயிறு எப்படிக் கலங்கும்னு தெரியாதவங்க அந்த நாற்காலில உக்காரக் கூடாது. கதை கட்டாத. உன் வூட்டையே சொல்லு. உனக்கு எது பயமோ அதைச் சொல்லு. இவன் இங்க எடுப்பான்."

கோணியைத் தலைக்கு மேல் மடித்துப் போட்டுக்கொண்டு காவேரி காம்பவுண்டுக் கோடிக்கு நடந்தாள். வாட்ச்மேன் அறைக்குள் ஊறிய சாக்கு வாடையும் பழைய பீடி வாடையும் கலந்து கிடந்தன. மேலே ஷீட்டில் மழை ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால், தண்ணீர் நிற்கும் வயல்களைத் தாண்டி, அவளுடைய ஊரின் தண்ணீர்த் தொட்டி சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அதன் காலடியில்தான் வீடு. பள்ளிக்கூடம் விட்டிருக்கும். மழை என்று சீக்கிரமே விட்டிருப்பார்கள். பிள்ளை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

நம்பர் சுழற்றும் வட்டு இல்லாத போன் அது, எடுத்தாலே போதும். எடுத்தாள்.

"எங்கே இருக்கீங்க?"

கம்பி சுத்தமாக இருந்தது. கரகரப்பு இல்லை, மழைச் சத்தம் இல்லை, அடியில் முணுமுணுக்கிற பாடமும் இல்லை. மாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். புகார் சொன்னதும் விஷமம் நின்றுபோனதைப் பார் என்றும் நினைத்துக்கொண்டாள்.

"வல்லம் வடகால். அம்மன் கோயிலுக்குப் பின்னால, பஞ்சாயத்து ஆபீஸ் சந்து. சிமெண்டு ஷீட்டு வூடு. பச்சக் கதவு."

"என்ன ஆச்சு?"

நாக்கு உலரவில்லை அவனுக்கு. குரல் எழிலரசனுடையது மாதிரிதான் இருந்தது, ஆனால் அந்த நீட்டல், அந்த இறக்கம், எல்லாம் அவளுடையது. திருட்டுப் பயல், என்னைக் கேட்டுக் கேட்டே பழகிவிட்டான், வேலையையும் கொண்டுபோய்விடுவான். அவனைத் தடுக்கி விழ வைக்க வேண்டும் என்று அவளுக்குள் ஒரு வீம்பு எழுந்தது. எந்த ஆபரேட்டருக்கும் குரல் உடைந்துபோகிற மாதிரி ஒன்றைச் சொல்லப் பார்த்தாள். தேட வேண்டியிருக்கவில்லை.

"வூட்டுக்குள்ள பொக. எம்பொண்ணு உள்ள கீது."

"எத்தனை பேர்?"

"அது மட்டும்தான். தனியா கீது. நான் வேலையில கீறேன், வர்றதுக்கு நேரமாவும்."

"உங்க பேர் என்ன?"

"காவேரி."

நாலு கேள்வியும் முடிந்துவிட்டன. அவன் குரல் ஆடவில்லை. காவேரி அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருந்தாள். ஆனால் அந்தக் குரல் மேலும் கேள்வி கேட்டது.

"குழந்தை பேர் என்ன?"

"நிலா."

"பயந்துகிட்டுக் கதவைத் திறக்கலேன்னா, என்ன சொல்லிக் கூப்பிடணும்?"

இது நாலு கேள்வியில் இல்லை. ரகுபதி சார் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனால் எவ்வளவு நல்ல கேள்வி. இவ்வளவு பெரிய மனுஷர், ஆயுசெல்லாம் போன் எடுத்தவர், அவருக்கே தோன்றாத கேள்வி இந்தப் பையனுக்கு எப்படித் தோன்றியது? சந்தேகம் தலையைத் தூக்கியது. அதே நேரம் நடிப்புக்காக வரவழைத்த பயம் நிஜமாகி, அந்த ஆடாத குரலைப் பற்றிக்கொள்ளப் பார்த்தது. கேட்கிறார்கள். சொல்லிவிட்டால் நல்லது. சொல்லிவிட்டால் பிள்ளை வெளியே வந்துவிடும்.

"பட்டாணின்னு கூப்பிடணும். நான் அப்படித்தான் கூப்பிடுவேன். யாராச்சும் வந்து பட்டாணின்னு சொன்னாத்தான் தெறக்கணும்னு சொல்லி வெச்சிருக்கேன். வேற யாருக்கும் தெரியாது."

"நல்லது. பயப்படாதீங்க. வண்டி கிளம்பிடுச்சு. நீங்க வைக்கிற வரைக்கும் நான் வைக்க மாட்டேன்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்கு நெஞ்சு நிஜமாகவே ஆறியது. அதுதான் அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது. போனை வைத்தாள்.

கதவைத் திறந்தபோது எழிலரசன் குடையோடு ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தான். தோளில் ஒரு கம்பிச் சுருள்.

"சாரிக்கா. மழை வுடட்டும்னு நின்னுட்டேன். உக்காந்துகினே இருந்தியா? இன்னிக்கு கிளாஸ் இல்லியாம், சாருக்கே இப்பத்தான் தெரிஞ்சுது. வயர்மேன் நாகப்பன் மத்தியானமே இந்த ரூம் கம்பிய அவுத்துட்டான். நீதான் லைன் சரியில்லன்னியே. புதுசு நாளைக்குத்தான் இழுப்பாங்களாம்."

காவேரி அவனைப் பார்த்தாள்.

"நல்லா நடிக்கிற."

"இன்னாக்கா?"

"இப்பத்தானே எங்கிட்ட பேசின. வண்டி கிளம்பிடுச்சுன்ன."

"நான் அங்க போன்கிட்ட போவவே இல்ல."

புரிந்துவிட்டது அவளுக்கு. இதுவும் பரீட்சைதான். பயமுறுத்தி, வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓட வைத்து, பாதியில் ஓடிப்போனாள் என்று எழுதிவிடுவார்கள். ரகுபதி சாருக்கும் பங்கு இருக்கும். ஷெட்டைப் பார்த்தாள். வேன் அங்கேயே நின்றது. சாம்சன் படிக்கட்டில் உட்கார்ந்து காலில் ஒட்டிய சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். பார், எந்த வண்டியும் கிளம்பவில்லை. சிரிப்புக்கூட வந்தது.

அப்புறம் அந்தச் சுருளைப் பார்த்தாள். அவன் தோளில் கிடந்த கம்பியின் நுனி வெட்டப்பட்டு, செம்பு தெரிந்தது. திரும்பி அறைக்குள் பார்த்தாள். போனிலிருந்து இறங்கிய ஒயர் சுவரோடு ஓடி, ஜன்னல் வரைக்கும் வந்து, அங்கே முடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முனையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"தம்பி," என்றாள். குரல் ஆடியது. "நான் எம்பொண்ண இன்னா சொல்லிக் கூப்பிடுவேன்?"

"நிலான்னுதான். வேற இன்னா?"

"சரியா சொல்லு. உனக்குத் தெரியும். சொல்லு."

"நிலாதானேக்கா அது பேரு. இன்னா ஆச்சு உனக்கு?"

அவனுக்குத் தெரியவில்லை. அந்த முகத்தில் பொய் இல்லை. இத்தனை நாளாக அவள் தேடித் தேடிப் பார்த்த பொய், எப்போதுமே அங்கே இருந்ததில்லை. பாவி, யாரைச் சந்தேகப்பட்டுக்கொண்டு யாருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன்?

"வண்டிய எடு," என்றாள்.

எழிலரசனின் டிவிஎஸ் ஃபிஃப்டி சேற்றில் வழுக்கி வழுக்கிப் போனது. அவன் என்னவோ கேட்டான். அவள் காதில் விழவில்லை. மழைக்குள் அந்தக் குரல் மட்டும் கேட்டது. எங்கே இருக்கீங்க. என்ன ஆச்சு. வயல் மேட்டில் கொக்குகள் அசையாமல் நின்றன. எதிரே எந்த வண்டியும் வரவில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. கோயில் திருப்பம். சந்து.

பச்சைக் கதவு திறந்திருந்தது.

உடைக்கவில்லை. உள்ளேயிருந்துதான் தாழ்ப்பாள் நீக்கப்பட்டிருந்தது. வாசல்படியில் நிலாவின் சிலேட்டு. மேலே மழை விழுந்து எழுத்து கரைந்திருந்தது. செருப்பு இருந்தது. பிள்ளை இல்லை.

பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள் முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். "இன்னாடி, நீயே வந்துட்ட? உனக்குக் கம்பெனில அடிபட்டுச்சுன்னு நெனச்சேனே."

"எம்பொண்ணு எங்கக்கா?"

"வண்டி வந்து இட்டுகினு போச்சே. வெள்ள வண்டி. நீதானே அனுப்பிச்ச? சத்தமே போடாம வந்து நின்னுது. நான் எட்டிப் பாத்தேன். யாரும் எறங்கல. உள்ள இருந்துதான் கூப்பிட்டாங்க. பட்டாணி, பட்டாணின்னு. உன் கொரல்தான்டி அது. இல்லன்னா நான் வுடுவேனா?" பாப்பம்மாள் நிறுத்தினாள். காவேரியின் முகத்தைப் பார்த்து அவளுக்கும் ஏதோ ஆகிவிட்டது. "புள்ள தானா ஓடிப் போய் ஏறிச்சு. உன் கொரல்தான். சத்தியமா உன் கொரல்தான்."

சந்தில் சேறு குழம்பிக் கிடந்தது. வீட்டுப் படியிலிருந்து நடுத் தெரு வரைக்கும் சின்னக் காலடிகள். அப்புறம் ஒன்றும் இல்லை. டயர் தடம் இல்லை.

காவேரி கத்தினாள். ஜனங்கள் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். சாக்கைப் போட்டுக்கொண்டு, முறத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு. இன்னாம்மா, இன்னா ஆச்சு என்றார்கள். எழிலரசன் எல்லோருக்கும் என்னவோ சொல்ல முயன்றுகொண்டிருந்தான்.

அப்போது மணி அடித்தது.

பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் இருந்த சிவப்பு போன். பின்னால் ஒரு முழ ஒயர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அது அடித்தது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. மறுபடி அடித்தது.

"எடுக்காதக்கா," என்றான் எழிலரசன்.

எடுத்தாள்.

முதலில் தண்ணீர்ச் சத்தம். எங்கோ ஆழத்தில், பெரிய இடத்தில். அப்புறம் ஒரு முணுமுணுப்பு, முந்தி வந்து எடுத்துக் கொடுக்கிற குரல். அவளுடைய குரல். அதற்குப் பின்னால், தட்டுத் தடுமாறி, பாடம் ஒப்பிக்கிற மாதிரி, பட்டாணியின் குரல்.

"எங்கே இருக்கீங்க?"

"கண்ணு, அம்மாடி. அம்மாதான் பேசறேன். நீ எங்க கீற?"

முணுமுணுப்பு. கொஞ்சம் பொறுத்து, பிள்ளை.

"எங்கே இருக்கீங்க?"

வைத்துவிட வேண்டும். காவேரிக்குத் தெரிந்தது. பதில் சொல்லக் கூடாது. ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. வைத்துவிட்டால் இந்தச் சத்தம் நின்றுபோகும். இந்தக் குரலும் நின்றுபோகும். இனி எந்தக் கம்பியிலும் வராது.

கை ரிசீவரை வைக்க மறுத்தது.

"வல்லம் வடகால்," என்றாள். "பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்."

"என்ன ஆச்சு?"

"எம்பொண்ணக் காணோம்."

"எத்தனை பேர்?" இந்த முறை முணுமுணுப்பு முந்தவில்லை. பிள்ளை தானாகவே கேட்டது. ஆடாமல், 'எத்தனை'யில் கொஞ்சம் நீட்டி, 'பேர்' என்று இறக்கி.

காவேரி திரும்பிப் பார்த்தாள். பாப்பம்மாள். எழிலரசன். முறத்துக்கு அடியில் ஒதுங்கிய பெண்கள். இடுப்புப் பிள்ளைகள். மழையில் நனைந்துகொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்ற மொத்தச் சந்தும். ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டு, மற்றொரு கையின் விரலை நீட்டி, பாப்பம்மாளிலிருந்து அவள் எண்ணத் தொடங்கினாள்.